மாக்ஸிமா மட்டி வாயைப் பிளந்து கிடக்கிறது, அடுத்து இதுவுமா?

செங்காங்வாசி (சிங்கப்பூர்), ஞாயிறு இரவு 10:12

வணக்கம். மூன்று வருடமாக உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். பவளமெல்லாம் ஓரளவு நன்றாகவே வளர்கிறது. மட்டி மட்டும் கைக்கு வரமாட்டேன் என்கிறது.

ஐந்து வாரம் முன்பு, தொட்டியைக் கலைத்துவிட்டு ஊருக்குத் திரும்பிய ஒருவரிடமிருந்து இரண்டு மட்டி வாங்கினேன். ஒன்று டெராசா என்ற வகை, 6 செ.மீ. இருக்கும். மற்றது மாக்ஸிமா வகை, 7 செ.மீ., நல்ல நீலம், விளிம்பில் கறுப்புப் புள்ளி. டெராசா மூன்றாவது வாரத்தில் போய்விட்டது. முந்தின இரவு கொஞ்சம் சுருங்கின மாதிரி இருந்தது. காலையில் பார்த்தால் ஓடு அகலத் திறந்து, சதை பாதி காணோம், நாலைந்து முள்புழு உள்ளே உட்கார்ந்து விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

இப்போது மாக்ஸிமாவும் அதே வழியில் போகிற மாதிரி இருக்கிறது. மாண்டில், அதாவது ஓட்டுக்கு வெளியே விரியும் சதை மடிப்பு, முழுக்க விரிவதில்லை. தண்ணீர் இழுக்கும் வாய் எப்போதும் பிளந்தே இருக்கிறது.

தொட்டி 3 அடி, 200 லிட்டர், கீழே 60 லிட்டர் சம்ப் (வடிகட்டும் துணைத் தொட்டி). சில்லர் 26 டிகிரியில் நிற்கிறது. உப்பு 1.025, கால்சியம் 430, காரத்தன்மை 8.3 டி.கே.எச்., மக்னீசியம் 1320, நைட்ரேட் 0, பாஸ்பேட் 0.02. இரண்டு கோமாளி மீன், ஒரு மஞ்சள் டாங், ஒரு ஃப்ளேம் ஏஞ்சல். குழாய்த் தண்ணீர் ஊற்றுவதே இல்லை, ஆர்.ஓ. தண்ணீர்தான்.

எண்ணெல்லாம் சரியாகத்தானே இருக்கிறது? என்ன தப்பு செய்கிறேன்?

டொரண்டோக்குளிர் (கனடா), ஞாயிறு இரவு 10:40

தம்பி, மீன் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. ஃப்ளேம் ஏஞ்சலை வைத்துக்கொண்டு மட்டி வளர்ப்பது, பூனையை மடியில் வைத்துக்கொண்டு கருவாடு காயப்போடுவது மாதிரி. ஒன்றிரண்டு ஏஞ்சல் ஒழுங்காக இருக்கும்தான். ஆனால் ஒருநாள் ருசி பார்த்துவிட்டதென்றால் பிறகு விடாது. கொத்துப்பட்ட மட்டி நாள் முழுக்கச் சுருங்கியே கிடக்கும், வெளிச்சம் கிடையாது, மெல்ல மெல்லப் பட்டினியில் போய்விடும். முதலில் அதைப் பிடித்து வெளியே போடுங்கோ.

சோதனைக்குழாய் (பினாங்கு), ஞாயிறு இரவு 11:05

நைட்ரேட் 0 என்பதைப் பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் உறுத்துகிறது. மட்டியின் சதைக்குள் இருக்கும் நுண்பாசிக்கு நைட்ரஜன் வேண்டும். தண்ணீரில் கரைந்த அம்மோனியா, நைட்ரேட் இரண்டையும் மட்டி நேரடியாக உறிஞ்சும். மட்டிப் பண்ணைகளில் குஞ்சு வளர்க்கும் தொட்டிக்கு வேண்டுமென்றே அம்மோனியம் கரைசல் விட்டுப் பார்த்திருக்கிறார்கள், வளர்ச்சி கூடியது. நாம் என்னடாவென்றால் ஸ்கிம்மர் (கழிவை நுரையாக எடுக்கும் கருவி), பயோ பெல்லட், அது இது என்று போட்டுத் துடைத்தெடுத்துவிட்டு அதில் கொண்டுபோய் மட்டியை வைக்கிறோம்.

இன்னொன்று, காரத்தன்மை 8.3 என்பது இன்றைய அளவா, ஐந்து வாரமாக அதேதானா? வாரத்தில் 7-க்கும் 9-க்கும் ஊஞ்சலாடினால் ஒருநாள் நல்ல எண் வந்து ஒரு பயனும் இல்லை. தினமும் ஒரே நேரத்தில் எடுத்து ஒரு வாரக் கணக்கைப் போடுங்கள்.

செங்காங்வாசி, ஞாயிறு இரவு 11:30

காரத்தன்மை டோசிங் பம்ப்பில் (கரைசலைத் தானாக அளந்து விடும் கருவி) ஓடுகிறது. குறிப்பேட்டைப் பார்த்தேன், 8.1-க்கும் 8.5-க்கும் நடுவில்தான் இருக்கிறது. நைட்ரேட் விஷயம் ஒப்புக்கொள்கிறேன், ஸ்கிம்மரைக் குறைக்கிறேன். ஏஞ்சல் என் மகளுடைய செல்லம், சாட்சி இல்லாமல் தண்டிக்க முடியாது அண்ணா. நாளை பழைய கைபேசியை மட்டிக்கு நேரே வைத்துப் படம் எடுத்துப் பார்க்கிறேன்.

உவர்நீர் (ஜொகூர் பாரு), திங்கள் காலை 6:50

எண்களைப் பற்றி ஆளாளுக்குச் சொல்லிவிட்டார்கள். நான் வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், புதிதாகப் படிக்கிறவர்களுக்கும் ஆகும்.

கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், கிளாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் குணம் வேறு. டெராசாவும் ஸ்குவாமோசாவும் நடுத்தர வெளிச்சத்தில் ஒப்பேற்றிவிடும். மாக்ஸிமாவும் குரோசியாவும் அலை உடைகிற ஆழமில்லாத இடத்துப் பிறவிகள். குரோசியா பவளப் பாறையைக் குடைந்து உள்ளேயே குடியிருக்கும், வெளியில் தெரிவது மாண்டில் மட்டும்தான். இவை இரண்டுக்கும் பார் மீட்டரில் (பாசிக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் கருவி) 200-க்கு மேல் இருந்தால்தான் எனக்கு மனம் நிற்கும், 300 என்றால் நல்லது.

இதன் வயிற்றுப்பாடே வெளிச்சத்தில்தான் நடக்கிறது. இரைப்பையிலிருந்து கிளை பிரிந்து மாண்டிலுக்குள் ஓடும் நுண்ணிய குழாய்களில் பாசி கோடிக்கணக்கில் குடியிருக்கிறது. அது செய்யும் சர்க்கரைதான் மட்டிக்குச் சோறு. நாம் ஆசைப்பட்டு வாங்கும் அந்த நீலமும் பச்சையும் பாசியின் நிறம் இல்லை. தோலிலுள்ள தனி அணுக்கள் ஒளியைத் திருப்பியடிப்பதால் வருவது. பாசி போய்விட்டால் மாண்டில் வெளுத்துப்போகும், பவளம் வெளுப்பது மாதிரியே.

உங்கள் மட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது? மணலிலா, கல்லிலா? மணலில் என்றால் அடியில் ஒரு தட்டைக் கல் வையுங்கள். மாக்ஸிமா ஓட்டின் அடித்துவாரம் வழியாக நூல் விட்டுக் கல்லைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த பிறகு இடம் பிடிக்கவில்லை என்று கையால் பிய்த்தீர்களானால் நூலோடு சேர்ந்து அடியிலுள்ள சதையும் கிழியும். பிழைப்பது கஷ்டம். நூலைக் கல்லோடு ஒட்டி பிளேடால் அறுக்கவேண்டும், அல்லது கல்லோடு தூக்கவேண்டும். அதனால்தான் பெரிய பாறையில் வைக்காமல் உள்ளங்கை அளவு தனிக்கல்லில் வைக்கச் சொல்வது.

மட்டிக்காரன் (தூத்துக்குடி, இப்போது சிங்கப்பூர் கப்பல் பட்டறை), திங்கள் மதியம் 1:15

நான் வளர்க்கிற ஆள் இல்லை, தின்கிற ஆள். இருந்தாலும் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் ஒன்று. மட்டியைத் தட்டினால் டப்பென்று மூடவேண்டும். மெதுவாக மூடினால் இன்றே குழம்பு. மூடவே இல்லை என்றால் பூனைக்குக்கூடப் போடக்கூடாது. உங்களுடையது எந்த ரகம்?

அலைமகள் (பாசிர் ரிஸ்), திங்கள் மதியம் 1:40

தட்டவே வேண்டாம் அண்ணாச்சி. இந்த மட்டிக்கு மாண்டில் விளிம்பு முழுக்கக் குட்டிக் குட்டிக் கண்கள், நூற்றுக்கணக்கில் இருக்கும். தெளிவான படம் தெரியாது, வெளிச்சம் குறைந்தால் தெரியும். விளக்குக்கும் மட்டிக்கும் நடுவில் கையை வீசினால் போதும், சுகமாக இருக்கும் மட்டி சட்டென்று சுருக்கும். என் ஸ்குவாமோசா டாங் தலைக்குமேல் போனால்கூடத் துள்ளும். செங்காங் தம்பி, கையை வீசிப் பார்த்துச் சொல்லுங்கள்.

செங்காங்வாசி, செவ்வாய் இரவு 9:20

மூன்று செய்தி.

ஒன்று, ஏஞ்சல் நிரபராதி! நாலு மணி நேரப் படத்தை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். மட்டியின் ஓட்டில் படிந்த பாசியை அவ்வப்போது கொத்துகிறது. மாண்டிலைத் தொடவே இல்லை. என் மகள் தீர்ப்பைக் கேட்டுக் கைதட்டினாள்.

இரண்டு, நண்பரிடம் பார் மீட்டர் இரவல் வாங்கி அளந்தேன். மட்டி இருக்கும் இடத்தில் 140. உவர்நீர் அண்ணா சொன்னது சரி. நல்லவேளை, வாங்கியபோதே சின்னக் கல்லில்தான் பிடித்துக்கொண்டு வந்தது, அதே கல்லோடு தூக்கிவைக்கலாம்.

மூன்று, கையை வீசினேன். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது தடவை, யோசித்து யோசித்து, பாதி மூடியது.

உவர்நீர், செவ்வாய் இரவு 9:45

இன்றே உச்சியில் ஏற்றிவிடாதீர்கள். நாலைந்து நாளுக்கு ஒரு படி. இளைத்துக் கிடப்பதை மொட்டை வெயிலில் நிறுத்தினால் மயங்கி விழும்.

ஆனால் 140-இல் மாக்ஸிமா ஐந்து வாரத்தில் இப்படி ஆகாது. நிறம் மங்கும், வெளிச்சம் தேடி மாண்டிலை அளவுக்குமீறி நீட்டும், மாதக்கணக்கில் தேயும். இது வேகமாகப் போகிறது. டெராசாவுக்கு 140 தாராளம், அதுவும் போய்விட்டதே. வேறு ஏதோ இருக்கிறது.

பச்சைத்தண்ணி (கோலாலம்பூர்), செவ்வாய் இரவு 10:30

யாரும் கேட்கவில்லையே, தீனி என்ன போடுகிறீர்கள்? 7 செ.மீ. குட்டிக்கு வெளிச்சம் மட்டும் போதாது. தினமும் உயிருள்ள நுண்பாசி விடவேண்டும். நான் வீட்டிலேயே பாட்டிலில் நானோகுளோராப்சிஸ் வளர்க்கிறேன், காலையில் 50 மில்லி. என் மட்டி மூன்றும் கொழுகொழுவென்று இருக்கின்றன.

சோதனைக்குழாய், செவ்வாய் இரவு 10:52

இந்தப் பஞ்சாயத்து இல்லாமல் மட்டியைப் பற்றிய விவாத இழை முடியாது என்று தெரியும். 1992-இல் ராட்சத மட்டியில், அதாவது கிகாஸில், ஒரு ஆய்வு வந்தது. மிகச் சின்ன மட்டிகள் தமக்கு வேண்டிய கார்பனில் 65 விழுக்காடு வரை தண்ணீரை வடிகட்டித் தின்று எடுக்கின்றன, பெரிதானவை 34 விழுக்காடு என்று கணக்கு. அதைப் பிடித்துக்கொண்டுதான் பாசி பாட்டில் வியாபாரம் நடக்கிறது. அந்த ஆய்வில் ‘சின்ன’ என்பது சதை உலர்எடை ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. அதுவும் கிகாஸ், உலகத்திலேயே பெரிய மட்டி, ஒரு மீட்டருக்கு மேல் வளர்கிறது, 200 கிலோவைத் தாண்டுகிறது. அதன் பசியை மாக்ஸிமாவின் பசியோடு எப்படி ஒப்பிடுவது?

மீனுக்கு நன்றாகத் தீனி போடுகிற தொட்டியில் மீன் கழிவே மட்டிக்குப் போதும் என்பது என் கட்சி. என் குரோசியாவுக்கு நாலு வருடமாகப் பாசி பாட்டிலே காட்டியதில்லை.

பச்சைத்தண்ணி, செவ்வாய் இரவு 11:01

உங்கள் குரோசியா நாலு வருடத்தில் எத்தனை செ.மீ. வளர்ந்தது, அதையும் சொல்லுங்களேன்.

சோதனைக்குழாய், செவ்வாய் இரவு 11:04

குரோசியா மெதுவாகத்தான் வளரும். கடலிலேயே 15 செ.மீ.தான் அதன் உச்சம். வேறு கேள்வி இருந்தால் கேளுங்கள்.

டொரண்டோக்குளிர், செவ்வாய் இரவு 11:20

ஐயாமாரே, சண்டையைப் பிறகு பிடிக்கலாம். இரண்டாவது மட்டி சாகக் கிடக்குது.

செங்காங்வாசி, புதன் மாலை 7:35

இன்று மோசம். மாண்டிலின் ஒரு பக்கம் உள்ளே இழுத்து மடிந்திருக்கிறது, படம் இணைத்திருக்கிறேன். தேடிப் படித்ததில் கிள்ளிய மாண்டில் நோய் என்று ஒன்று வருகிறது, ஒட்டுண்ணி நுண்ணுயிர் என்கிறார்கள், நன்னீரில் அரைமணி முக்கி எடுத்தால் சரியாகுமாம். ஆர்.ஓ. தண்ணீர் ஒரு வாளி தயார் செய்துவிட்டேன். பத்து மணிக்கு முக்கப்போகிறேன். யாராவது செய்த அனுபவம் இருக்கிறதா?

அலைமகள், புதன் மாலை 7:58

நிறுத்துங்கள்! வாளியை ஓரமாக வையுங்கள்.

நான் இரண்டு முறை முக்கியிருக்கிறேன், ஒன்று பிழைத்தது, ஒன்று போனது. உண்மையான கிள்ளல் என்றால் மாண்டில் விளிம்பு, புடவை முந்தியை விரலால் கிள்ளிப் பிடித்த மாதிரி ஒரு இடத்தில் குறுகி மடிந்து நிற்கும், மற்ற இடம் விரிந்திருக்கும். உங்கள் படத்தில் அப்படி இல்லை. ஒரு பக்கம் முழுக்கச் சோர்ந்து கிடக்கிறது. நன்னீர் முக்குவது திடமான மட்டிக்கே பெரிய அடி. தண்ணீரின் வெப்பமும் பி.எச். அளவும் தொட்டியோடு பொருந்தவேண்டும், அரைமணிக்கு மேல் போகக்கூடாது. கையை வீசினாலும் மூடாத மட்டி அதைத் தாங்காது.

அதற்கு முன்னால் நாலு கேள்வி. மட்டி கொடுத்தவர் தொட்டியில் வேறு மட்டி செத்திருக்கிறதா, கேட்டீர்களா? மட்டி வந்த அன்று ஓட்டைத் தேய்த்துக் கழுவினீர்களா? செத்த டெராசாவின் ஓடு இப்போது எங்கே? நள்ளிரவில், விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் ஆனபிறகு, டார்ச் அடித்து மட்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

இங்கே எல்லோரும் பகலில் மேலிருந்து பார்த்தே மருத்துவம் சொல்லிக்கொண்டிருக்கிறோம், நானும் சேர்த்துத்தான்.

செங்காங்வாசி, புதன் இரவு 8:20

கொடுத்தவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். ‘ஆமாம், ஒரு குரோசியா இருந்தது, காரணமே இல்லாமல் போய்விட்டது’ என்கிறார். வாங்கும்போது சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தேய்த்துக் கழுவவில்லை. டெராசா ஓடு அழகாக இருந்ததால் மகளுக்காகச் சம்ப்பில் போட்டு வைத்திருக்கிறேன். இரவில் பார்த்ததில்லை. எதைத் தேடவேண்டும் அக்கா?

அலைமகள், புதன் இரவு 8:31

பச்சரிசி.

செங்காங்வாசி, வியாழன் அதிகாலை 1:52

அக்கா, கை நடுங்குகிறது.

ஒரு மணிக்கு எழுந்தேன். விளக்கு போடாமல், டார்ச்சுக்கு மேல் சிவப்புக் காகிதம் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். மேலே ஒன்றும் இல்லை. கல்லோடு மெதுவாகத் தூக்கித் தொட்டித் தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துச் சாய்த்தேன். ஓட்டில் செதில் செதிலாக மடிப்பு இருக்கிறதல்லவா, அந்த இடுக்குகளிலும் அடியில் நூல் வெளிவரும் துவாரத்தைச் சுற்றியும் வெள்ளை வெள்ளையாக, சாதத்துக்குக் களைந்து வைத்த அரிசி ஒட்டின மாதிரி! ஒரு முனை கூர், அரிசியை முறுக்கிய மாதிரிச் சுழி. அசைவதே தெரியவில்லை. பூதக்கண்ணாடி வைத்தால் ஒன்றிலிருந்து நூல் மாதிரி ஏதோ நீண்டு மட்டியின் சதைக்குள் போகிறது. எண்ணினேன். 23.

மனைவி எழுந்து வந்து, ராத்திரி ஒரு மணிக்கு டப்பாவுக்குள் சிவப்பு டார்ச் அடித்துக்கொண்டிருக்கிறவனைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்ப் படுத்துவிட்டாள்.

சம்ப்பிலிருந்த டெராசா ஓட்டையும் எடுத்துப் பார்த்தேன். உள்மடிப்பில் கண்ணாடிப் பசை மாதிரி ஒரு திட்டு. அது முட்டையா?

அலைமகள், வியாழன் அதிகாலை 5:45

முட்டைதான். அந்த ஓட்டை இப்போதே நன்னீரில் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்து மகளிடம் கொடுத்துவிடுங்கள். தொட்டிப் பக்கம் திரும்ப வரவேண்டாம்.

இதற்குப் பெயர் பிரமிடெல்லிட் நத்தை. பாசி தின்கிற மற்ற நத்தை மாதிரி சுரண்டும் பல் இதற்குக் கிடையாது. ஊசி மாதிரி ஒரு குழலைச் சதையில் குத்தி உறிஞ்சும். பகலில் மண்ணிலும் ஓட்டு இடுக்கிலும் ஒளிந்துகொள்ளும், இரவில் ஏறும். பெரிய மட்டியில் நாலைந்து இருந்தால் ஒன்றும் ஆகாது. 7 செ.மீ. குட்டியில் 23 என்றால் ஐந்து வாரமாக அதன் ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன. பலாவ் மாதிரி இடங்களிலுள்ள பண்ணைகளில் இதற்கென்றே குட்டி மட்டிகளைக் கையால் தேய்த்துக் கழுவுவது ஒரு வேலை. கடலில் சின்ன மீன்கள் பொறுக்கித் தின்றுவிடும். நம் தொட்டியில் அதற்கு எதிரி இல்லை.

செய்யவேண்டியது: தொட்டித் தண்ணீர் எடுத்த வாளி, புதிய மென்மையான பல்துலக்கி, இடுக்கி. ஓட்டின் வெளிப்பக்கம் முழுக்க, ஒவ்வொரு மடிப்புக்கும் உள்ளே, தேயுங்கள். பசைத் திட்டு தெரிந்தால் நகத்தால் சுரண்டுங்கள். நூல் துவாரத்துக்குப் பக்கத்தில் மட்டும் பல்துலக்கி படக்கூடாது, அங்கே இடுக்கியால் ஒவ்வொன்றாக. மட்டி ஒட்டியிருக்கும் கல்லின் அடியையும் விடாதீர்கள். முடிந்ததும் அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல் கீழே கொட்டுங்கள். திரும்ப வைக்கும்போது தண்ணீருக்குள்ளேயே லேசாகச் சாய்த்து, உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் வெளியேறவிடுங்கள்.

முதல் வாரம் தினமும் இரவு. பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள். முட்டை பொரிந்து திரும்பத் திரும்ப வரும், இரண்டு மாதம் விடாதீர்கள். பத்து நாள் ஒன்றும் காணோம், தப்பித்தோம் என்று நான் நிறுத்தினேன், அந்த அலட்சியத்தில் ஒரு மாக்ஸிமாவைக் கொடுத்தேன்.

முள்புழுவைப் பாவம் விட்டுவிடுங்கள். அது செத்ததைத் தின்ன வந்தது. காலையில் பிணத்தருகே நிற்பவனையே கொலைகாரன் என்று பிடிப்பது நம் வழக்கம்.

உவர்நீர், வியாழன் காலை 7:10

அரிசி! எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என்னையே நொந்துகொள்கிறேன். டெராசா முதலில் போனதும் கணக்குக்குப் பொருந்துகிறது, ஒரே நத்தைக் கூட்டம், அது தீர்ந்ததும் பக்கத்து வீட்டுக்கு நடந்திருக்கிறது.

மஞ்சள் கோரிஸ் ராஸ் என்ற மீன் ஒன்று வாங்கி விடுங்கள், நத்தையைத் தின்னும். மணலில் புதைந்து தூங்கும், அதற்கு இரண்டு அங்குல மணல் வேண்டும். ஆறுகோட்டு ராஸும் தின்னும். ஆனால் அது வளர்ந்தபிறகு வீட்டுக்கே ரவுடி, 3 அடித் தொட்டிக்கு நான் சொல்லமாட்டேன். எதை விட்டாலும் பல்துலக்கி வேலையை நிறுத்தாதீர்கள். மட்டி ராத்திரி மூடியிருக்கும்போது இடுக்கிலிருப்பதை ராஸால் எடுக்கமுடியாது, அதுவும் அந்த நேரத்தில் மணலுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும்.

வேளச்சேரி ரீஃப் (சென்னை), வியாழன் காலை 11:25

அருமையான இழை. எனக்கும் ரொம்ப நாளாக ஒரு மாக்ஸிமா ஆசை. சென்னையில் எங்கே கிடைக்கும்? அல்லது சிங்கப்பூரிலிருந்து யாராவது வரும்போது ஒன்று பையில் கொண்டு வரமுடியுமா? செலவு நான் தருகிறேன்.

உவர்நீர், வியாழன் காலை 11:50

வேண்டாம் தம்பி. இந்தியாவில் மாக்ஸிமா, ஸ்குவாமோசா இரண்டையும் 2001-இலேயே 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். புலி இருக்கிற அதே பட்டியல். லட்சத்தீவில் இவை இயற்கையாகவே இருக்கின்றன, அதனால்தான். கல் பவளமும் அப்படித்தான். இது போக, இந்த மட்டிக் குடும்பம் முழுவதும் சைட்டிஸ் என்ற உலக உயிரின வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகவேண்டுமானால் அனுமதிச் சீட்டு வேண்டும். நான் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போக இருபது நிமிடம், அந்த இருபது நிமிடத்துக்குக்கூடச் சட்டைப்பையில் ஒரு மட்டியைக் கொண்டுபோகமாட்டேன்.

வேளச்சேரி ரீஃப், வியாழன் மதியம் 12:05

புலி லிஸ்டா! சரி, மென்பவளத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் அண்ணா.

அலைமகள், வியாழன் மதியம் 12:30

ஆசை தீர ஒரு வழி உண்டு. சிங்கப்பூர் வந்தால் நல்ல கடல் வற்றம் பார்த்துப் புலாவ் செமக்காவ் தீவில் கடலோர நடைக்குப் போங்கள். கணுக்கால் தண்ணீரில் நடக்கும்போது ஸ்குவாமோசா ஒன்றைப் பார்த்தேன், என் தொட்டியிலிருப்பதைவிட நாலு மடங்கு. நிழல் பட்டதும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது, கால்சட்டை நனைந்தது. வழிகாட்டி எங்களைத் தொடவே விடவில்லை. இங்கே இவை அருகிப்போய்விட்டன, ஆய்வுக்கூடத்தில் குஞ்சு பொரித்துக் கடலில் விடுகிறார்கள்.

செங்காங்வாசி, அடுத்த வியாழன் இரவு 11:15

எட்டு நாள் கணக்கு: 23, 9, 11, 4, 2, 0, 3, 1. மூன்றாம் நாள் 11 வந்தபோது மனம் விட்டுப்போனது. பக்கத்திலிருந்த மணலைத் துழாவினேன், அங்கேயும் நாலு. மாண்டில் மடிந்த பக்கம் மெல்ல நிமிர்கிறது. வாய் பிளப்பது குறைந்திருக்கிறது. நைட்ரேட் 2 காட்டுகிறது, சோதனைக்குழாய் சாருக்கு நன்றி. பச்சைத்தண்ணி அண்ணா ஒரு பாட்டில் பாசி தபாலில் அனுப்புகிறேன் என்றார், அன்புக்கு நன்றி, வேண்டாம் என்றேன்.

சோதனைக்குழாய், அடுத்த வியாழன் இரவு 11:40

காரத்தன்மையை இனி வாரம் இருமுறை பாருங்கள். மட்டி திரும்ப ஓடு கட்ட ஆரம்பித்தால் அளவு இறங்கும். எனக்கு அதுதான் நல்ல செய்தி வரும் முதல் வழி, கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் பம்ப்பில் தெரிந்துவிடும்.

செங்காங்வாசி, ஏழாவது வாரம், ஞாயிறு காலை 9:05

இழையை மேலே கொண்டுவருகிறேன். கடைசி நத்தையைப் பார்த்து பத்தொன்பது நாள் ஆகிறது, இன்னும் ஒன்றுவிட்டு ஒரு நாள் தேய்க்கிறேன். மட்டி இப்போது 240 பார் இருக்கும் தட்டில். டோசிங் பத்து விழுக்காடு கூட்டவேண்டி வந்தது. நேற்று ஓட்டு விளிம்பைப் பார்த்தேன்: பழைய ஓடு பழுப்பும் ஊதாப் பாசியுமாக, அதற்கு மேலே சுற்றிலும் நகம் வெட்டின இடத்தில் புது நகம் வந்த மாதிரி வெள்ளைக் கோடு. இரண்டு மில்லிமீட்டர். மகள் அடிக்குச்சி வைத்து அளந்தாள்.

கையை வீசினால் சட்டென்று மூடுகிறது. அதையே விளையாட்டாக வைத்து நாளைக்கு இருபது தடவை வீசுகிறாள், அதைத்தான் நிறுத்தவேண்டியிருக்கிறது.

மட்டிக்காரன், ஞாயிறு காலை 9:30

அப்போ குழம்பு கிடையாது என்கிறீர்கள்.

டொரண்டோக்குளிர், ஞாயிறு காலை 11:50

இங்கே சனி இரவு பன்னிரண்டு ஆகப்போகுது. இந்த இழையை முதலில் இருந்து திரும்ப வாசித்துப்போட்டு, சும்மா பார்ப்பம் என்று டோர்ச்சை எடுத்துக்கொண்டு கீழே போனன். இரண்டு வருசமாக ஒரு குறையும் இல்லாத என்ர டெராசா. ஓட்டின்ர அடி மடிப்பில் மூன்று.

பல்துலக்கி மென்மையாக இருக்கவேண்டும் என்றீர்கள், பிள்ளைகளின்ரது சரிவருமோ தங்கச்சி?